புங்கம்பாறை சைக்கிள் பாதை

“சைக்கிள் வுட்றதுக்குன்னா மலையில வழி வெட்டுவீங்க. பிள்ளத்தாச்சியத் தூக்கினு எறங்குறதுக்கு மட்டும் வெட்ட மாட்டீங்க. இது இன்னா நியாயம் சார்?”

தேவகி அரசு அலுவலகத்தில் அதிகாரியின் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை அவளுக்கு. அன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, கழுத்து அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் நேராக வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் புங்கம்பாறைப் பெண்கள் நாலைந்து பேர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

அதிகாரி பரணிதரனுக்கு அந்தக் குரல் புதிதல்ல. மலைமேல் இருக்கும் புங்கம்பாறைக்கு ரோடு கேட்டு அவள் வராத வருஷமில்லை. காட்டு நிலம், மரம் போய்விடும், மண் சரிந்துவிடும் என்று அவரும் சொல்லாத காரணமில்லை. இப்போது அதே காட்டுக்குள்தான் மலை சைக்கிள் பந்தயத்துக்குப் பாதை வரப்போகிறது. சுற்றுலா வளருமாம். கேட்ட சூட்டோடு அனுமதி கிடைத்துவிட்டது. ஏழை சொல் அம்பலம் ஏறாது. சைக்கிள் மட்டும் மலையே ஏறும். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அந்தப் பாதையைக் கேட்டு வாங்கியவன் எதிர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். பெயர் ஜோனதன். பாகாயத்துக்காரன், சைக்கிள் கிளப் செயலாளர். மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு போனைத் தடவிக்கொண்டிருந்தான். தேவகியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“பேஜார் பண்ணாதம்மா. அதான் ஆம்புலன்ஸ் அடிவாரம் வரைக்கும் வருதே” என்றார் பரணிதரன்.

அடிவாரம் வரை வரும்தான். அங்கே வந்து சேர்வதற்கு, பெட்ஷீட்டை மூங்கிலில் கட்டி, ஆளைப் படுக்க வைத்து, தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். போன ஐப்பசி மழையில் அப்படித் தூக்கி வந்த ஒருத்திக்குப் பாதி வழியில் பாறைமேலேயே பிரசவமானது. பிள்ளை தங்கவில்லை. தேவகி அதைச் சொன்னபோது பின்னால் நின்றவர்களில் ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பரணிதரன் ஃபேனைப் பார்த்தார்.

“எம்பொண்ணுக்கு இப்ப ஏழாம் மாசம் சார். தலைப்பிரசவம். தாய் வூட்லதான பாக்கணும்? வளைகாப்பு முடிச்சி கூட்டினு போலாம்னு போனா, மாப்ள வூட்ல அனுப்ப மாட்டேன்னுட்டாங்க. வண்டி ஏர்ற மாதிரி வழி வரட்டும், அப்பறம் அனுப்புறோம்னு சொல்றாங்க. அவங்க மேல இன்னா தப்பு? பெத்தவ நான் வெறுங்கையோட திரும்பி வந்தேன்.”

அது உங்கள் குடும்ப விஷயம், அதற்கும் இந்தப் பாதைக்கும் என்ன சம்பந்தம் என்று பரணிதரன் கேட்டார். நல்ல மனுஷர்.

தேவகி ஜோனதன் பக்கம் திரும்பினாள். அவன் கேட்டிருந்தது இரண்டடி அகலப் பாதை. கல்லும் வேரும் மேடும் பள்ளமும் அப்படியே இருக்க வேண்டுமாம். தலைச்சுமையோடு பொம்பளைகள் அதில் ஏறும்போது இவர்கள் மேலேயிருந்து பறந்து வந்தால் எங்கே போய் ஒதுங்குவது என்று கேட்டாள்.

ஜோனதன் அப்போதுதான் வாயைத் திறந்தான். கரடுமுரடாக இருந்தால்தான் மலை சைக்கிளுக்கு மஜா என்றான். பெல் அடிப்போம், ஒதுங்கிக்கொள்ளட்டும் என்றான்.

அவ்வளவுதான், ஆபீஸ் இரண்டுபட்டது. திறப்பு விழா அன்றைக்கு ஊரே வந்து பாதையில் படுக்கும், டிவிக்காரர்களையும் கூட்டி வருவோம் என்று தேவகி கத்தினாள். தாராளமாகப் படுங்கள், நாங்கள் தாண்டிக் குதித்துப் போய்க்கொள்கிறோம் என்று ஜோனதனும் எகிறினான். பெண்கள் அவனுடைய வளர்ப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

பரணிதரனுக்கு வேர்த்துவிட்டது. அடுத்த மாதத் திறப்பு விழாவுக்குப் பெரிய இடத்திலிருந்து ஆள் வருகிறார். அந்த நேரத்தில் டிவியில் பொம்பளைகள் மண்ணில் படுத்துக் கிடந்தால் அவருடைய கதி அதோகதிதான்.

“ரெண்டு பேரும் நிறுத்துங்க. பாதை எட்டடி. பாதி சைக்கிளுக்கு, பாதி ஊர் ஜனங்களுக்கு. கல்லு, வேர் எல்லாத்தையும் எடுத்துட்டு நெரவி ரோலர் வுட்டுடலாம். வளைவுல இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி வெட்டிக்கலாம்.”

“சார், அது ரோடு சார். அதுல எவன் சார் வந்து மலை சைக்கிள் ஓட்டுவான்?” ஜோனதன் பதறினான்.

“ரோடுன்னு சொல்லாத தம்பி. சைக்கிள் பாதைன்னே சொல்லு. ரோடுன்னா மேல வுட மாட்டாங்க.”

எட்டடி போட்டாலும் சரி, எண்பது அடி போட்டாலும் சரி, எங்களுக்கு வேண்டாம் என்று தேவகி முறுக்கினாள். அதைக் கேட்டதும் பரணிதரனுக்கு வீம்பு வந்துவிட்டது. அவள் எதிரிலேயே இன்ஜினீயருக்குப் போன் போட்டு, எட்டடி என்று இரண்டு தடவை அழுத்திச் சொல்லி, திங்கட்கிழமையே வேலையைத் தொடங்கச் சொன்னார். குறுக்கே யாராவது வந்தால் போலீசை நிறுத்தி வைத்துப் போடுவேன் என்றார்.

பெண்கள் அவரை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே வெளியேறினார்கள். ஜோனதனும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போனான்.

தெரு முனை டீக்கடை வரும்வரைக்கும் யாரும் பேசவில்லை. அங்கே நின்று, தேவகி ஆபீஸ் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“எட்டடின்னா ஆம்புலன்ஸ் தாராளமா ஏறும் அத்தை” என்றான் ஜோனதன். “பாதை முடிஞ்ச அன்னிக்கே எங்க வூட்டுக்கு வந்து உங்க பொண்ணக் கூட்டினு போய்டுங்க.”