இடுப்பெலும்பு

ஆம்பிளை என்று சொல்லு. சொல்லடி பிள்ளை. ஆம்பிளை என்று ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு மற்றதைத் தோண்டு.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று இவள் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். புதைகுழிக் கிடங்குக்குள் எலும்பு பார்க்கிற டொக்டர்ப் பிள்ளை முழங்காலில் நின்று சின்னத் தூரிகையால் மண்ணைத் தட்டினாள்.

இதுவரை பத்தொன்பது பேரின் எலும்புக்கூடுகளை எடுத்தாயிற்று. பத்தொன்பதும் ஆம்பிளைகள். ஒவ்வொரு முறையும் டொக்டர் "ஆண்" என்பாள். யாரோ ஒரு தாய் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவாள். இவளுக்கு மூச்சு வரும்.

வெட்கங்கெட்ட மூச்சு. அது இவளுக்கும் தெரியும்.

என்ன செய்ய? இவள் தேடுவது மகளை. இந்தக் கிடங்கில் இல்லையென்றால் நிரோ எங்கேயோ இருக்கிறாள். கனடாவில். பிரான்சில். தாயோடு கோபம், அதனால் கதைக்கிறாள் இல்லை. பதினாறு வருடக் கோபம்.

இருக்கட்டுமே. கோபமாகவாவது இருக்கட்டும்.

சண்டை முடிந்து சனம் வெளியே வந்த அன்று, மகளின் முடியைக் கத்தரித்தது இவள்தான். இடுப்பு வரை கிடந்த முடி. நெஞ்சைச் சீலைத் துண்டால் இறுக்கிக் கட்டினாள். தகப்பனின் சேர்ட்டையும் காற்சட்டையையும் போட்டுவிட்டாள். குமர்ப்பிள்ளைகளைப் பிரித்து எடுக்கிறாங்கள் என்று சனம் கதைத்திருந்தது.

நிரோ அழுதாள். இவள் தலையில் ஒரு குட்டுக் குட்டினாள். வாயை மூடிக்கொண்டு பெடியன் மாதிரி நட என்றாள்.

பிள்ளை அச்சொட்டாகப் பெடியன் மாதிரியே நடந்தது.

துவக்கோடு நின்ற ஆமிக்காரன் ஒருக்கால்தான் பார்த்தான். பெடியன்களை நிறுத்தியிருந்த பக்கம் கையைக் காட்டினான்.

கத்தியிருக்கலாம். கத்தினால் பொம்பிளைப் பிள்ளை என்று தெரிந்துபோகும். யோசித்து முடிக்கமுதல் சனம் இவளைப் பொம்பிளைகளின் பஸ்சுக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

போகிற வழியில் கண்டுபிடித்திருப்பாங்கள். பொம்பிளை என்று தெரிந்து விட்டிருப்பாங்கள். அப்படித்தான் இவள் சோறு தின்று நித்திரை கொண்டு இவ்வளவு காலத்தையும் ஓட்டியது.

இருபதாவது ஆளின் மேல் சேர்ட்டுத் துண்டு ஒன்று கிடந்தது. மண் தின்ற துணி. நிறம் சொல்ல ஏலாது. காற்சட்டையின் பட்டி மட்டும் மிச்சம்.

"ஐயோ என்ர ராசா!"

பக்கத்தில் நின்ற மனோன்மணி அக்கா குழறினாள். மகன் தேவனைத் தேடி முதல் நாளிலிருந்து வருகிறவள். வயதும் சரி, உயரமும் சரி, காற்சட்டையும் சரி என்று தரையில் விழுந்து அழுதாள்.

டொக்டர் இடுப்பெலும்பை மெல்லத் திருப்பினாள். அதன் வளைவுக்குள் பெருவிரலை வைத்து ஆட்டிப் பார்த்தாள். விரல் தாராளமாக ஆடியது.

"இது பெண்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? உடுப்பைப் பார் பிள்ளை, ஆம்பிளை உடுப்பு!" அக்கா சீறினாள்.

டொக்டர் எழும்பிக் கயிற்றடிக்கு வந்தாள். நல்ல பிள்ளை. எரிந்து விழாமல் சொன்னாள்.

"மனிசர் நிமிர்ந்து நடக்கத் தொடங்க இடுப்பு ஒடுங்கினது அம்மா. பிறகு பிள்ளையளின்ர மண்டை பெருத்தது. பெத்தெடுக்க வழி காணாது. இடுப்பு அகலமான தாய் தப்பினாள், அவளின்ர பிள்ளையும் தப்பினது. லட்சக்கணக்கான வருசமா அப்பிடியே வந்த எலும்பு இது. ஆம்பிளைக்கு அந்தத் தேவை வரேல்லை. உடுப்பை மாத்தலாம், இதை மாத்த ஏலாது."

அகலமானவள் தப்பினாளாம்.

தாயும் பிள்ளையும் தப்பவென்று அத்தனை லட்சம் வருடம் எடுத்துச் செய்த எலும்பு. இவள் ஒரு கத்தரிக்கோலும் ஒரு சேர்ட்டும் வைத்து அரை மணித்தியாலத்தில் அதை மறைத்துவிட்டாள். நாசமாய்ப் போன கெட்டித்தனம். மறைக்காமல் விட்டிருந்தால் பிள்ளை பொம்பிளைகளின் பஸ்சில் ஏறியிருக்கும். இவளுக்குப் பக்கத்தில் இருந்திருக்கும்.

"ஆம்பிளை உடுப்போட போன பொம்பிளைப் பிள்ளை. ஆருக்காவது தெரியுமோ?" டொக்டர் எல்லோரையும் பார்த்துக் கேட்டாள்.

மனோன்மணி அக்கா விடுவதாக இல்லை. "படிச்சவைக்கும் பிழைக்கும். இது என்ர தேவன்தான். தாங்கோ, கொண்டுபோய்க் கடைசிக் கடமையைச் செய்யப்போறன். எனக்கு இனிக் காத்திருக்க ஏலாது."

பேசாமல் நின்றால் போதும். அக்கா அழுது அழுது கேட்டு வாங்கிவிடுவாள். எலும்பு தேவனாகப் போய்விடும். நிரோ கனடாவில் இருப்பாள். இரண்டு வீட்டுக்கும் நல்லது.

இவள் கிடங்குக்குள் கிடந்த அந்தச் சேர்ட்டுத் துண்டைப் பார்த்தாள்.

பிறகு மனோன்மணி அக்காவின் தோளைப் பிடித்துத் தூக்கி இருத்தினாள். முகத்தில் ஒட்டிய மண்ணைத் தன் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

"அழாதேங்கோ அக்கா. உங்கட பெடியன் எங்கேயோ இருப்பான்."

கயிற்றைத் தூக்கிக் குனிந்து, கிடங்கில் கிடந்த மகளை நோக்கி நடந்தாள்.