மாறிப்போன கார்டு

“என் ஸ்கிரீன் அப்படியே நின்னுபோச்சு கிறிஸ்டினா. எந்தக் கார்டைக் குடுத்த?”

“நாலாம் நம்பரு.”

“நான் மூணுன்னுதானே சொன்னேன்.”

போனைக் காதில் வைத்தபடி சென்னை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த அன்புராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் உலையைக் கவனிக்கும் புரோகிராம் அரதப் பழசு. பழைய விண்டோஸில்தான் ஓடும். அதற்காகவே லினக்ஸ் சர்வருக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷினை, அதாவது கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை வைத்து, சர்வரில் மூணு, நாலு என்ற நம்பர்களில் இருக்கும் இரண்டு நெட்வொர்க் கார்டுகளில் ஒன்றை அதனிடம் முழுசாக ஒப்படைக்க வேண்டும். மற்றது, அன்புராஜ் சென்னையிலிருந்து உள்ளே வருவதற்கான வழி. ஆலையில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் கிறிஸ்டினா அந்த வழியையே தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

“பரவால்ல. நான் சொல்றதை அடி. திரும்ப வாங்கிடலாம்.”

“வேணாம்பா. இன்னும் கெட்டுப்போச்சுன்னா? சாயங்காலம் உலையை ஏத்தணும்னு மேனேஜர் குதிச்சுகினு இருக்காரு. நான் கை வெக்க மாட்டேன். நீயே வந்துடு.”

மேனேஜர் துளசிராமன் பொல்லாத மனிதர். சின்னத் தவறுக்கே ஆளை வீட்டுக்கு அனுப்பியவர். கிறிஸ்டினாவின் வேலைக்கு வேட்டு வைத்துவிடுவாரே என்ற பதைப்பில் அன்புராஜ் அடுத்த ரயிலைப் பிடித்தான்.

ஆறு வருடம் கழித்து அந்த ரயில். மீஞ்சூர் வந்ததும் அவன் கண்கள் தானாகப் பிளாட்பாரத்தில் தேடின. இருவரும் ஆலையில் ஒன்றாக வேலை பார்த்த நாட்களில் அங்கேதான் கிறிஸ்டினா ஏறுவாள். அவளுக்காக ஜன்னலோரம் பை போட்டு இடம் பிடித்து, அதற்காக ஊர்ப்பட்ட பேரிடம் சண்டை போட்டிருக்கிறான். சர்வர் அறையில் மத்தியானம் அவள் டப்பாவைத் திறந்தால் நெத்திலிக் குழம்பு மணக்கும். பாதி அவனுக்குத்தான். அவன் சென்னை அலுவலகத்துக்கு மாற்றலான பிறகு எல்லாம் போனோடு சரி.

ஆலை வாசலிலேயே துளசிராமன் பிடித்துக்கொண்டார். “இன்னாயா இது? யார் பண்ண வேலை?”

“என் தப்புதான் சார். நம்பரை நான் மாத்திச் சொல்லிட்டேன்.”

“பெரிய எக்ஸ்பர்ட்டுன்னு பேரு” என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் உலைப் பக்கம் போனார்.

அன்புராஜ் சர்வர் முன் உட்கார்ந்து நாலைந்து வரி அடித்தான். போன கார்டு திரும்பி வந்தது. போக வேண்டியது போனது. உலையின் அளவுகள் திரையில் வரிசையாக வந்து நின்றன.

“இவ்ளோதான். கண்ணை மூடிக்கினே செய்வியே நீ. இன்னிக்கி இன்னா ஆச்சு உனக்கு?” என்று பக்கத்தில் நின்றவளிடம் கேட்டான்.

கிறிஸ்டினா டீயை ஊற்றி நீட்டினாள். “எனக்காக எதுக்கு அந்த ஆள்கிட்ட திட்டு வாங்குன?”

“உன் வேலை போயிடக் கூடாதுல்ல.”

“எந்த வேலை? பேப்பர் போட்டு ஒரு மாசமாச்சு. இன்னிக்கோட இங்க முடிஞ்சுது. நாளைக்குக் காட்டுப்பள்ளி துறைமுகத்துல சேர்றேன்.”

அன்புராஜின் கையில் டீ அப்படியே நின்றது. “போன்ல ஒரு வார்த்தை சொல்லலையே.”

“சொல்லியிருந்தா போன்லயே வாழ்த்திட்டு வெச்சிருப்ப” என்றாள் கிறிஸ்டினா. “அதான், நீ மூணுன்னு சொன்னது நல்லாக் கேட்டும் நாலு அடிச்சேன்.”