நான்காவது ஒத்திகை

அவள் இரண்டு கைகளையும் விரித்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் அந்த வாசலுக்குக் கதவு இல்லை. போன வருடம் கழன்று விழுந்தது. மாட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

எதிரே உப்பளக் குடியிருப்பு ஆட்கள். சாப்பிட்டு, கை கழுவி, வரிசையில் நின்றார்கள். முன்னால் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரிகளும். நடுவில் வயதானவர்கள். பின்னால் மற்றவர்கள். ஒருவர் தோளில் ஒருவர் கை.

பேரிடர்ப் பயிற்சியாளராக வந்து அவள் சொல்லிக்கொடுத்த வரிசை.

வீட்டுக்குத் திரும்பிப் போவதற்காக நின்றார்கள்.

"வழிய விடுங்க டீச்சர். ஆட்டக் கட்டிப்போட்டுட்டு வந்திருக்கேன்," என்றாள் வேம்பு. குடியிருப்பின் பேரிடர்க் குழுத் தலைவி. அவள் பயிற்சி கொடுத்தவர்களிலேயே கெட்டிக்காரி.

"போகாதீங்க வேம்பக்கா. சாயங்காலம் புயல் கரையக் கடக்குது. கடல் உங்க வீட்டுக்குள்ள வந்துரும். இது ஒத்திகையில்ல. நிஜம்."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

வரிசை முழுக்கச் சிரித்தது.

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க," என்றது ஒரு குரல். "மாரிக்கண்ணுக்குப் பல்லு போனதுதான் மிச்சம்."

சொன்னாள்தான்.

முதல் ஒத்திகையில் எல்லோரும் வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டாவதில் நாற்பது நிமிடம். இருபதுக்குள் வர வேண்டும் என்றது அவளை அனுப்பிய அலுவலகம். மூன்றாவது முறை ஒலிபெருக்கியில் அவள், இது ஒத்திகையில்ல, நிஜம் என்று சொன்னாள். குரலில் கொஞ்சம் நடுக்கத்தையும் சேர்த்துக்கொண்டாள்.

பத்தொன்பது நிமிடம்.

ஓடி வந்தவர்களில் ஒருத்தியின் கையில் அரைத்த மாவு காயவில்லை. ஒரு குழந்தையின் மேல் துணியில்லை. மாரிக்கண்ணு வாய்க்கால் பாலத்தில் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டாள். வந்து சேர்ந்த பிறகுதான் அதுவும் ஒத்திகை என்று தெரிந்தது. முதலில் வேம்பு சிரித்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். சாம்பார் சாதப் பொட்டலம். குழுவாக ஒரு போட்டோ. வீடு.

அன்றைக்கு அவளுக்கு உறுத்தவே இல்லை. அறிக்கையில் பல்லைப் பற்றி எழுதவில்லை. நிமிடத்தை எழுதினாள்.

இன்றும் வந்தார்கள். பதினேழே நிமிடத்தில். பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டார்கள்.

வெளியே நல்ல வெயில். கருவேல மரத்தில் ஓர் இலை அசையவில்லை. ஆந்திராவுக்குப் போகிறது என்றுதான் நேற்று இரவுவரை டிவியில் சொன்னார்கள். விடிந்தபோது புயல் திரும்பியிருந்தது. குடியிருப்பில் காலையிலிருந்து மின்சாரம் இல்லை.

கைபேசியில் புயலின் படத்தைக் காட்டினாள். போன தடவையும் ஒரு படம் காட்டியிருந்தாள்.

அவளை அழைத்து வந்த அலுவலக ஜீப்பின் ஓட்டுநர் வந்து சொன்னார். அவரையும் பார்த்துச் சிரித்தார்கள். அன்றைக்குச் சைரன் ஊதியவர் அவர்தான்.

இனி என்ன சொல்வது? உள்ளுக்குள் துழாவினாள். கடல், சாவு, பிள்ளைகள், சத்தியம். ஒன்றைக்கூட அவள் மிச்சம் வைத்திருக்கவில்லை. ஒத்திகை நன்றாக வர வேண்டும் என்று எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்திருந்தாள்.

அழுகை வந்தது. அடக்கவில்லை. அதையாவது நம்பட்டும்.

வேம்பு அவள் கன்னத்தைத் தட்டினாள். பிரியமாகத்தான்.

"இந்தத் தடவ கண்ணீரும் வருது பாரேன்! யாரு டீச்சர் சொல்லிக்குடுத்தா?"

ஒவ்வொருவராகக் குனிந்து அவள் கைக்குக் கீழே நுழைந்தார்கள். குழந்தைகளுக்கு அது விளையாட்டாக இருந்தது. நிறைமாதக்காரி ஒருத்தியால் குனிய முடியவில்லை. அவளுக்காகக் கை தானாக உயர்ந்தது.

அந்த வழியாக எல்லோரும் போய்விட்டார்கள்.

வெயிலில் வரிசை கலையாமல் நடந்தது. வாய்க்கால் பாலம்வரை மேடு. அதற்கு அப்பால் குடியிருப்பும் உப்புப் பாத்திகளும் கடலும் ஒரே மட்டம். தண்ணீர் ஏறினால் முதலில் மூழ்குவது பாலம்.

ஜீப் ஹாரன் அடித்தது. நான்கு மணிக்குள் அவளைத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு சாலையை மூடிவிடுவார்கள்.

ஒவ்வொரு முறையும் இந்த நேரத்தில்தான் ஜீப்பில் ஏறுவாள். ஜன்னல் வழியாகக் கையசைப்பாள். அவர்களும் அசைப்பார்கள்.

செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். ஜீப்பைத் தாண்டி நடந்தாள்.

ஓட்டுநர் கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார்.

எதற்காகப் போகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. அங்கே போய் அவளால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. பயமாகவும் இருந்தது. ஜீப்பில் ஏறி உட்கார மட்டும் முடியவில்லை.

பாலத்துக்குக் கிட்டத்தில் வரிசையின் கடைசியைப் பிடித்தாள். முன்னால் நடந்தவளின் தோளில் கை வைத்தாள்.

வேம்பு பாலத்தின் ஓரமாக ஒதுங்கித் தலை எண்ணிக்கொண்டிருந்தாள். நீட்டிய விரல் ஒவ்வொருவராகத் தொட்டு வந்து அவளிடம் நின்றது.

"ஜீப்பு அங்கதான நிக்குது," என்றாள் வேம்பு. "நீங்க எங்க வர்றீங்க?"

முன்னால் இருந்தவளின் தோளிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை.

வேம்பு விரலை மடக்கவில்லை. முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

வரிசை அதற்குள் பாதிப் பாலம் கடந்திருந்தது.