மூத்தவளின் தகடு

1986 ஆகஸ்ட் 13, புதன்கிழமை, பகல் பதினொரு மணிக்கு பெங்களூரிலிருந்து வந்த ஒரு வாடகைக் கார் பாகலூர் லைன் வீடுகளின் முன்னால் நின்றது.

“தாலியக் கேக்கலம்மா. கூட கோத்திருக்கற தகடு மட்டும்தான்,” என்றார் முனீர் அகமது.

சாந்தம்மா முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். “கழுத்துல கெடக்கறதக் கேட்டு வர்ற ஆளை இப்பதான் பாக்கறேன். உங்களுக்கு வேற பொழப்பு இல்லியா பாய்?”

“இதாம்மா பொழப்பு. உங்க விலாசத்தக்கூட இந்த அக்காதான் விசாரிச்சு வச்சாங்க,” என்று கூட வந்திருந்த பெண்ணைக் காட்டினார்.

அவருக்கு சிவாஜிநகரில் பழைய நகைக் கடை. சாந்தம்மா அணிந்திருந்தது நாலணாக் காசு அகலத்தில் ஒரு பொன் தகடு. அதில் கைகூப்பி நிற்கும் ஒரு பெண். முதல் மனைவி இறந்த வீட்டுக்கு இரண்டாந்தாரமாக வருகிறவளுக்கு, மூத்தவளின் கோபம் தாக்காமல் இருக்க, இப்படி அவள் உருவத்தைப் பொறித்துக் கட்டுவார்கள்.

“செத்தவங்க நகைய யாராவது வாங்குவாங்களா?”

“சீமையில செத்தவங்க தலைமுடியவே மோதிரத்துக்குள்ள வச்சுப் போட்டிருக்காங்கம்மா. அப்படி ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு. வாங்கினவர் அதைக் கையில வச்சுக்கிட்டு அழுதார். செத்தது யாருன்னே அவருக்குத் தெரியாது. இதுல பொன்னுக்கு விலை இல்ல, கதைக்குத்தான். அதான் பேரு, எப்படிப் போனாங்க, எல்லாம் எழுதிக்குவோம்.”

எழுதுவதற்குத்தான் அந்தப் பெண்ணை அழைத்து வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடி. வெயிலுக்குத் தலையில் போட்ட முந்தானையை வீட்டுக்குள் வந்த பிறகும் அவள் எடுக்கவில்லை.

“பேரு மாரம்மா. பன்னெண்டு வருஷம் ஆச்சு,” என்றாள் சாந்தம்மா. “ஐப்பசி வெள்ளத்துல ஆத்தோட போயிட்டாங்க. கரையில கொடம் மட்டும் இருந்துச்சாம். உடம்பு கெடைக்கல. அடுத்த தையில என்னைக் கட்டிக்கினு வந்தாரு.”

“அவங்களப் பாத்திருக்கீங்களா?” எழுதிக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

“போட்டோகூட இல்லக்கா. ஆனா வெள்ளிக்கெழம தவறாம மஞ்சள் குங்குமம் வச்சிடுவேன். ‘நீ தப்பிச்சே, என்னை மாட்டி விட்டுட்டே மகராசி’ன்னு திட்டவும் செய்வேன். இந்த வீட்ல என்னைத் திருப்பித் திட்டாத ஆளு அவங்க ஒருத்திதான்.”

முனீர் சிரித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. சாந்தம்மாவின் முழங்கைக்கு மேலே நான்கு விரல் தடங்கள் கன்றிப்போயிருந்தன.

“கையில என்ன?”

“கொழம்புல உப்பு தூக்கல்.”

“அவர் எப்ப வருவார்?”

“மொத ஷிஃப்ட்டு, அக்கா. சிப்காட்ல லேத் ஓட்டறாரு. ரெண்டு மணிக்கு மேலதான் வருவாரு.” சாந்தம்மா தகட்டைத் தொட்டுக்கொண்டாள். “பொறந்த வீட்டுக்கு நாலு தடவ ஓடினேன். நாலு தடவயும் எங்கண்ணனே கூட்டியாந்து விட்டுட்டுப் போனான். புள்ளையும் இல்ல. இது கழுத்துல இருக்கங்காட்டி அடியோட நிக்குது. கழட்டினா உசுரே போயிடும். தர மாட்டேன் பாய்.”

“இப்ப ஆத்துல தண்ணி போகுதா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“ஐப்பசி பொறந்தாத்தான்.”

முனீர் எழுந்தார். “வேணாம்னா வேணாம்மா. அக்கா, நோட்டை மூடுங்க. டிரைவரை எழுப்பறேன்.”

டிரைவரை எழுப்பி, காரைத் திருப்பி நிறுத்தச் சொல்லிவிட்டு அவர் வர ஐந்து நிமிடம் ஆனது. தகடு நோட்டின் மேல் இருந்தது. சாந்தம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்னம்மா இது? விலையே பேசலியே?”

“விலை வேணாம் பாய். எடுத்துக்கினு போங்க. எனக்கு இனிமே அது வேணாம்.”

அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டியதும் முனீர் கேட்டார்: “அவகிட்ட என்னக்கா சொன்னீங்க?”

“அந்தத் தகடு யாரையும் காப்பாத்தாதுன்னு சொன்னேன்.”

“அவளுக்கு இருந்ததே அந்த ஒரு நம்பிக்கைதானே. அதையும் பறிச்சிட்டீங்களே.”

அவள் தகட்டை நோட்டுக்குள் வைத்து மூடினாள்.

அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை காலை, கெலவரப்பள்ளி அருகே தென்பெண்ணைக் கரையில் சாந்தம்மாவின் குடமும் துவைக்கக் கொண்டுபோன துணிகளும் இருந்தன. ஆற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. போலீசார் இரண்டு நாள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை.

தை மாதம் அவள் கணவன் கங்கப்பன் உத்தனப்பள்ளியில் மூன்றாவதாகப் பெண் எடுத்தான். பெண் வீட்டார் கேட்டுக்கொண்டபடி செய்த தகட்டில் இரண்டு பெண்கள் கைகூப்பி நின்றார்கள்.

மாசி முதல் வாரத்தில், சிவாஜிநகர் கடையில், அடுத்துப் போகவேண்டிய வீடுகளின் பட்டியலில் கங்கப்பனின் விலாசத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதினாள் மாரம்மா. “மொத ஷிஃப்ட் வாரமாப் பாத்துப் போங்கக்கா,” என்றாள், பக்கத்தில் உட்கார்ந்து பழைய நகைகளைத் துலக்கிக்கொண்டிருந்த சாந்தம்மா.