ஆன்டனின் முகமூடி

தவக்காலத்துக்கு முந்தைய திருவிழாவில், முகமூடிக்குள் யார் இருந்தாலும் அதன் சொந்தக்காரர் பெயரைச் சொல்லியே கூப்பிடுவது அந்தப் பழைய நகரத்தின் வழக்கம். கணவன் ஆன்டன் இறந்த பிறகு வந்த முதல் திருவிழாவுக்கு, அவனுடைய மர முகமூடியை வால்புர்கா மாட்டிக்கொண்டாள். அவன் மூக்குக்காகக் குடைந்த பள்ளம் அவளுக்குப் பெரிதாக இருந்தது. சதுக்கத்தில் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்த அவனுடைய நண்பன் லோரன்ஸ், கரண்டியை நீட்டி வழிமறித்தான்.

"டேய் ஆன்டன், கிழட்டு நரி! எங்கடா ஆளையே காணோம்?"

அவள் தோளைக் குலுக்கினாள். அவன் குரல் தாழ்ந்தது.

"வீட்டுக்காரி எப்படிடா இருக்கா? ஒழுங்கா சாப்பிடுறாளா?"

முகமூடி மெல்ல, இல்லையென்று ஆடியது.

லோரன்ஸ் இரண்டு பணியாரங்களைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். "ஒண்ணு உனக்கு, ஒண்ணு அவளுக்கு. ஆறுறதுக்குள்ள சாப்பிட வைடா."

தேவாலயச் சுவரோரம் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முதலில் ஆன்டனுடையதைத் தின்றாள்.