மூன்று லிட்டர் குறைவு

"பெட்டிக்குள்ள மூணு லிட்டர் காணோம்" என்றான் அவன்.

பட்டறையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் மனைவி விரல்களில் படிந்திருந்த பசையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். அவனுடைய தம்பி மீட்டருக்கு முன்னால் குனிந்து நின்றான். சுவரிடம் சொன்ன மாதிரிதான் ஆயிற்று.

கச்சேரி மேடைகளுக்கு ஸ்பீக்கர் பெட்டி வடிவமைப்பது அவன் தொழில். பீரோ கனத்தில் பெட்டிகளைச் சுமந்து அலையும் இசைக்குழுக்காரர்களுக்கு, ஒரு கையால் தூக்கிப் போகிற பெட்டி வேண்டும். சத்தம் மட்டும் பீரோ அளவுக்கு வேண்டும். ஆசை அப்படி. இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு அவன் வரைந்ததுதான் இந்த முப்பது லிட்டர் பெட்டி. தம்பி கிதார் வாசிக்கும் குழு நாளைக்கு இதை மேடையேற்றுகிறது. நன்றாக அமைந்தால் இனி எல்லாக் கச்சேரிக்கும் இதுதான். சொதப்பினால் பழைய பீரோக்களே போதும் என்று குழுத் தலைவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

சிறிய பெட்டிக்கு உள்ளே இருக்கிற காற்றுதான் எல்லாம். அது குறைந்தால் முன்பக்கத் துளையில் செருகிய குழாயின் சுருதி ஏறிவிடும், பேஸ் என்கிற அடித்தொனி அடிவாங்கிவிடும். மீட்டரில் ஐம்பத்தைந்து ஹெர்ட்ஸ் வரவேண்டிய இடத்தில் ஐம்பத்தெட்டு வந்தது. மூன்று தடவை பார்த்தார்கள். மூன்று தடவையும் அதேதான்.

தம்பி டேப்பை எடுத்து வெளி அளவுகளைப் பார்த்தான். இம்மி பிசகவில்லை. பலகையின் கனமும் சரி.

"அண்ணி, கணக்கு உதைக்குதே. உள்ள எதுவோ மூணு லிட்டர் இடத்தைப் பிடிச்சிட்டு இருக்கு."

"அதைத்தானேடா இவ்வளவு நேரமா சொல்றேன்" என்றான் அவன். தம்பி காதில் வாங்கவே இல்லை.

மூன்று வாரமாக வீட்டில் இதே கதைதான். யாரும் அவனுக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தப்பு தன்னுடையதுதான் என்று அவனுக்குத் தெரியும். அவள் ஒட்டிய மூலையில் காற்று கசிகிறது என்று தம்பி எதிரிலேயே கடுகடுத்திருந்தான். அன்றோடு பேச்சு நின்றது. தம்பியும் அண்ணி பக்கம் சேர்ந்துகொண்டான். இருந்தாலும் கோபத்துக்கு ஓர் அளவு இல்லையா, கூப்பிட்டால் ஒரு 'ம்' கூடவா வராது? அவனுக்கு அழுகையே வந்தது.

தம்பி ஸ்க்ரூடிரைவரை எடுத்தான், திறந்து பார்த்துவிடலாம் என்றான். அவள் பெட்டியின் மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்து வேண்டாம் என்றாள். குரலை உயர்த்தவில்லை. தம்பி கையை இழுத்துக்கொண்டான்.

பிறகு அவள் மேஜை டிராயரிலிருந்து வேறொரு குழாயை எடுத்து நீட்டினாள். வரைபடத்தில் உள்ளதைவிட ஒரு விரற்கடை நீளம்; குழாய் நீண்டால் சுருதி இறங்கும். முனையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தயாராக இருந்தது. தம்பி அதை மாற்றிப் பொருத்தினான். மீட்டரில் கச்சிதமாக ஐம்பத்தைந்து வந்து நின்றது.

அவனுக்குப் பொறி தட்டியது. மூன்று லிட்டர் குறையும் என்று முன்பே தெரிந்திருந்தால்தான் இந்த அளவுக்கு வெட்ட முடியும். இவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் காதருகே போய், என் பெட்டிக்குள் என்னத்தை வைத்து மூடினாய் என்று கேட்டான். அவள் பின்கழுத்து சிலிர்த்தது. கையால் தடவிவிட்டுக்கொண்டு, ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள்.

"உள்ள என்ன அண்ணி இருக்கு?" என்று தம்பியும் கேட்டான்.

அவள் பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

"ஒரு டப்பா. குறுக்குக் கட்டைக்குப் பின்னால போல்ட் போட்டு இறுக்கியிருக்கேன், கொஞ்சம்கூட அதிராது." கண்கள் நிறைந்து வழிந்தன. "இது மேடையில முழங்குறதைப் பக்கத்துலயே நின்னு கேக்கணும்னு உங்க அண்ணன் ரெண்டு வருஷமா சொல்லிட்டே இருந்தாரு. அவரை எரிச்சுக் குடுத்த சாம்பல், டப்பாவோட சேர்த்து, சரியா மூணு லிட்டர் இருந்துச்சு தம்பி."