குரல் தெரிந்தால் திறப்பாள்

பதினேழாம் எண் அறைக்கு முன்னால் வந்து நின்றதும் அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார். மூன்று மாடி ஏறியிருக்கிறார், பாவம்.

மகளைப் பார்த்து நாலு மாதமாயிற்று என்று கீழேயே ஒரு பாட்டம் அழுது முடித்திருந்தார்.

பல்கலைக்கழகப் பெண்கள் விடுதியில் வருகைப் பதிவேடு என் பொறுப்பு. அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தேன். மகளோடு எடுத்த போட்டோவைப் பார்த்தேன். அதெல்லாம் எதற்கு, இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, அதுவே சாட்சி சொன்னது. உறவுமுறை என்ற கட்டத்தில் ‘தாய்’ என்று நானே எழுதினேன். சொந்தக்காரங்கதான், விடு என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு, நானே மேலே கூட்டிவந்தேன்.

உள்ளே இருப்பவளுக்கு நாங்கள் வைத்த பெயர் பூட்டுக்காரி.

அவள் வந்த புதிதில் இங்கே இரண்டு லேப்டாப்பும் ஐந்து செல்போனும் காணாமல் போயின. அறையைப் பூட்டுங்கள், முன்பின் தெரியாதவர்களை உள்ளே விடாதீர்கள் என்று நோட்டீஸ் ஒட்டினோம். மற்றவர்கள் அதன்மேல் ஈரத்துண்டைக் காயப்போட்டார்கள். இவள் ஒருத்திதான் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். கதவின் உள்பக்கம் கூடுதலாக இரண்டு தாழ்ப்பாள். அலமாரிக்குத் தனிப்பூட்டு. குளிக்கப் போனாலும் சான்றிதழ்ப் பை தோளில்.

அவளிடம் இருந்ததோ கீபோர்டில் இரண்டு பட்டன் உதிர்ந்துபோன ஒரு கிழட்டு லேப்டாப். அதற்கா இத்தனை காவல் என்று சாப்பாட்டு அறையில் சிரிக்காதவர் இல்லை. நானும் சிரித்தேன், மறைப்பானேன்.

சேர்ந்த அன்றே என்னிடம் தனியாக வந்து, யார் தேடி வந்தாலும் அப்படி ஒருத்தி இங்கே இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்றாள். யாரம்மா அது என்று துருவினேன். சான்றிதழ்ப் பையை இழுத்து மாட்டிக்கொண்டு மாடி ஏறிவிட்டாள்.

இந்த வயதில் வேறு யாராக இருக்கும்? எவனோ ஒருத்தன். எனக்குத் தெரியாததா.

சும்மா சொல்லக்கூடாது, கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். நாலு மாதமாக ஒரு வாலிபனையும் வாசல் தாண்ட விடவில்லை. மின்விசிறி மாட்ட வந்தவன்கூட அரை மணி நேரம் வெயிலில் காய்ந்தான்.

பெற்றவளை எப்படி நிறுத்துவது? கல்யாணப் பேச்சை எடுத்தோம், கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள் என்று அந்த அம்மாள் மூக்கைச் சிந்தும்போது, இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

இப்போது அவர் கதவைத் தட்டினார்.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் பாதியில் நின்றது. அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடி தட்டினார். மூச்சுச் சத்தம்கூட இல்லை.

பூட்டுக்காரி தட்டினால் திறக்கமாட்டாள். குரல் தெரிந்தால்தான் திறப்பாள். இந்த விடுதியில் அவள் நம்பும் குரல் என்னுடையது ஒன்றுதான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

“நான்தான்மா, ஆபீஸ் அக்கா. தொற.”

மேல் தாழ்ப்பாள் விலகியது. நடுத் தாழ்ப்பாள். கடைசியாகக் கீழே இருந்தது.

கதவு ஒரு சாண் திறந்தது. முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என் பக்கத்தில் பார்த்தாள்.

அம்மாள் இடுக்கில் காலை வைத்துவிட்டார். முகத்தில் அழுத சுவடே இல்லை. மகளை ஏறிட்டும் பார்க்காமல் படிக்கட்டுப் பக்கம் திரும்பி, காய்கறிக்காரனைக் கூப்பிடுவதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

“தொறந்துட்டா. மேல வாங்க.”

சொந்தக்காரங்கதான் என்று நான் சொன்ன சொல்லே காவலாளிக்குப் போதுமாயிருந்தது. கீழே ஆண்களின் செருப்புச் சத்தம், அவசரமே இல்லாமல், ஏறத் தொடங்கியது.